பள்ளி வந்தது, ஆசிரியை வந்தாரா? காலனியாட்சியில் பெண்கல்வி வளர்ந்த வழியும் தென்னார்க்காட்டின் பங்கும்

தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைக்கு வருகிறார். தென்பெண்ணைக் கரை அன்று திருவிழாக் கோலம் பூணும். ஊர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. வெள்ளைக்காரர் ஆட்சியில் இது தென்னார்க்காடு ஜில்லாவின் உட்பகுதி. கிழக்கே திருக்கோவிலூர், வடக்கே திருவண்ணாமலை, மேற்கே கல்வராயன் மலை. இந்த வட்டாரத்து வீடுகளில் இன்று பேத்தி கல்லூரிக்குப் பேருந்து ஏறுகிறாள். அவளுடைய கொள்ளுப்பாட்டிகளில் மிகப் பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. நான்கு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர்கள் யார்? அவர்கள் செய்தவற்றில் எது பலித்தது, எது மேடையோடு நின்றது? சிற்றூர்களுக்கும் மலைக்கும் அந்த மாற்றம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

பெண்கல்வி வரலாற்றைச் சொல்லும்போது பெரிய மனிதர்களின் பேச்சையும் எழுத்தையும் வரிசைப்படுத்துவது வழக்கம். அந்த வரிசை தேவைதான். ஆனால் பெண்பிள்ளைகள் எங்கே உண்மையில் படித்தார்கள் என்று ஊர் ஊராகப் பார்த்தால் வேறொரு கணக்கு கிடைக்கிறது. சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை, தங்கிப் படிக்க ஓர் இடம், கல்யாணம் குறுக்கிடாத சில ஆண்டுகள் என்ற மூன்றும் ஒன்றாகக் கிடைத்த இடத்தில் கல்வி வேர்விட்டது. ஒன்று குறைந்தாலும் பள்ளிக் கட்டடம் மட்டுமே மிஞ்சியது. இந்த மூன்றையும் கொண்டுவந்து சேர்த்தவர்களே மெய்யான சீர்திருத்தக்காரர்கள் என்பது இக்கட்டுரையின் முடிவு.

மன்றோ கண்ட நிலை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜில்லா கலெக்டர்களிடம் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். வந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகச் சொல்கிறது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அவ்வளவு பரவலாக இருந்தும் அவற்றில் பெண்பிள்ளைகள் மிக அரிது. இருந்த சிலரிலும் பெரும்பாலோர் கோயிலைச் சார்ந்த ஆடல் மகளிர் குலத்தவர் என்று மன்றோவே குறிக்கிறார்.

பின்னால் வந்த தடைகள் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது. இசையும் பாட்டும் எழுத்தும் ஒரு குலத்துப் பெண்களுக்குத் தொழில் என்று ஆனதால், மற்ற வீட்டுப் பெண் ஏட்டைத் தொடுவது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்ற எண்ணம் படிந்தது. எழுதத் தெரிந்தவள் யாருக்கேனும் கடிதம் எழுதுவாள், படித்தவள் தாலி நிலைக்காது என்ற அச்சங்களும் அதோடு சேர்ந்துகொண்டன. சங்கப் புலவர்களில் பெண்கள் பலர் உண்டு. ஔவையின் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகள் எழுத்து படித்தார்கள். அந்த நாட்டிலேயே பெண்ணுக்கு எழுத்து ஆகாது என்ற கொள்கை நிலைத்துவிட்டது.

மிஷன் பள்ளிகள்: முதல் ஆசிரியைகள்

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மிஷனரி சீகன்பால்கு மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். ஆனால் பெண்கல்வி ஓர் இயக்கமாக உருவானது நூறாண்டுகள் கழித்து, மிஷனரிமார்களின் மனைவியர் கையில்தான். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1819இல் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைவேலை பள்ளியைத் தாங்கியது, பெண்களுக்கும் கைக்காசு தந்தது. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியை நிறுவினார். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரில் வளர்ந்த நிறுவனம் 1895இல் கல்லூரி என்னும் நிலையை எட்டியது. இந்தியாவுக்கு ஒரு நாளும் வந்திராத, நடமாட முடியாத ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பெயர் இன்றும் திருநெல்வேலிச் சீமையில் வழங்குகிறது.

இந்தப் பள்ளிகள் நிலைத்ததற்குக் காரணம் வெளிப்படை. பாடம் சொன்னவர்கள் பெண்கள். பிள்ளைகள் தங்க இடம் இருந்தது. பள்ளியிலேயே வளர்ந்த பெண்ணுக்குக் கல்யாணமும் தள்ளிப்போனது. அவர்களே அடுத்த தலைமுறைக்கு ஆசிரியைகள் ஆனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கிறித்தவம் தழுவிய குடும்பத்துப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் எழுத்தைத் தொழிலாகக் கொண்டு சம்பளம் வாங்கிய முதல் பெண்கள் கூட்டத்தில் அவர்களுக்குப் பெரிய இடம் உண்டு. அந்த உண்மை பொது நினைவில் இடம் பெறாமல் போனது நியாயமன்று.

குறையும் இருந்தது. சாதி இந்துக்கள் தம் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்பதற்காக, அவர்களுக்கென்று தனிப் பெண்கள் பள்ளிகளை மிஷன்கள் நடத்தின. ஒரே ஊரில் ஒரே மிஷன் இரண்டு வகைப் பள்ளிகளை வைத்திருந்தது. கல்வி பரவியது, சாதி அதனுள்ளேயே தன் வரப்பைப் போட்டுக்கொண்டது. மதமாற்றம் பற்றிய ஐயத்தால் பல குடும்பங்கள் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தின.

அரசாங்கம் செய்ததும் செய்யத் தவறியதும்

1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் அறிக்கை பெண்கல்விக்கு அரசாங்கம் துணை நிற்கும் என்று அறிவித்தது. உதவித்தொகை முறை வந்தது. ஆனால் பள்ளியைத் திறந்தால் ஆசிரியை எங்கே? ஆண் வாத்தியாரிடம் பத்து வயதுப் பெண்ணை அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. 1866இல் சென்னைக்கு வந்த ஆங்கிலச் சீர்திருத்தக்காரர் மேரி கார்ப்பெண்டர் இந்த முடிச்சைக் கண்டுகொண்டு, முதலில் ஆசிரியைகளைப் பயிற்றுவியுங்கள் என்று வற்புறுத்தினார். 1870இல் சென்னையில் அரசுப் பெண் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி உருவானது. அங்கே சேர்ந்தவர்களில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய, கிறித்தவப் பெண்களே மிகுதி. இந்துக் குடும்பத்திலிருந்து மாணவியர் அரிதாகவே வந்தனர்.

மற்ற மாகாணங்களிலும் கதை இதுவே. பூனாவில் 1848இல் ஜோதிராவ் பூலே பள்ளி தொடங்க முடிந்ததற்குக் காரணம், அவர் முதலில் தம் மனைவி சாவித்திரிபாயைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கியிருந்தார். 1882இல் கல்வியை ஆராய்ந்த ஹண்டர் கமிஷன் முன் சாட்சியம் சொன்ன பண்டித ரமாபாய் கேட்டவை இரண்டு: பெண் ஆசிரியர்கள், பெண் மருத்துவர்கள்.

1901 மக்கள்தொகைக் கணக்கின்போது சென்னை மாகாணப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எழுத்தறிந்தவராக இல்லை. உட் அறிக்கை வந்து அரை நூற்றாண்டு ஆன பின் நிலை இது. கோப்பில் இருந்த நல்லெண்ணம் ஊர்த் தெருவுக்கு இறங்கவில்லை.

தமிழ் எழுத்தில் ஒரு வழக்காடல்

வெளியார் நடத்திய பள்ளிகளோடு நின்றிருந்தால் பெண்கல்வி அயல் சரக்காகவே கருதப்பட்டிருக்கும். அதைத் தமிழ் வீட்டின் பேச்சாக மாற்றியவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). நீதிமன்றத்தில் வழக்குக் கேட்டவர், தாளில் பெண்களுக்காக வழக்காடினார். 'பெண்மதி மாலை' என்ற நூலைப் பெண்கல்விக்கென்றே எழுதினார். 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அதில் ஞானாம்பாள் கதைத்தலைவனோடு சேர்ந்து கல்வி கற்கிறாள், பின்னர் ஆண் உடையில் ஒரு நாட்டை அரசாளவும் செய்கிறாள். கல்வி கற்ற பெண் குடும்பத்தைக் கெடுப்பாள் என்று அஞ்சிய வாசகனுக்கு, கற்ற பெண்ணால் குடும்பமும் நாடும் பிழைப்பதைக் கதையாகவே காட்டிவிட்டார்.

இதழ்கள் பின்தொடர்ந்தன. 1905இல் பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்ற 'சக்ரவர்த்தினி' பெண்களுக்கான மாத இதழ். அயோத்திதாசர் 1907 முதல் நடத்திய 'தமிழன்' ஒடுக்கப்பட்டோர் கல்வியோடு சேர்த்தே பெண்கல்வியையும் பேசியது. திரு.வி.க.வின் 'பெண்ணின் பெருமை' 1927இல் வந்தது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இலிருந்து 'ஜகன்மோகினி'யை நடத்தினார். ஐந்தரை வயதில் கல்யாணமாகி, பள்ளி வாசலையே மிதிக்காதவர் அவர். தொடக்கத்தில் தோழி ஒருத்தி எழுத, இவர் கதை சொன்னார். பின்னர் தாமே எழுதக் கற்று நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். நாகூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். பள்ளி மறுக்கப்பட்டவர்களே எழுத்தில் இவ்வளவு செய்தார்கள். மறுக்கப்படாதிருந்தால் இந்த மொழி எவ்வளவு பெற்றிருக்கும்!

கல்யாணம் தின்ற ஆண்டுகள்

அந்நாளில் பெண்பிள்ளையின் படிப்பு பருவமெய்துவதற்கு முன்பே முடிந்துவிடும். சமைந்த பெண்ணை வெளியே அனுப்புவதில்லை. மேல்சாதிகளில் அதற்கும் முன்பே கல்யாணம் முடிந்திருக்கும். ஆறு வயதில் சேர்ந்தவள் ஒன்பது வயதில் நின்றால் எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் நாலு வருடத்தில் மறந்துபோகும். ஆகவே கல்யாண வயதுச் சட்டத்தையும் பெண்கல்வி வரலாற்றின் பகுதியாகவே கருத வேண்டும். 1891ஆம் ஆண்டின் சம்மத வயதுச் சட்டம் 10 வயதை 12 ஆக்கியது. அதற்கே நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. எல்லோரும் அதை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளை இன்னும் இரண்டு வருஷம் படிக்கட்டும் என்று சொல்ல நினைத்த தாய்க்கு, சட்டம் ஒரு வாதத்தைக் கொடுத்தது.

விதவை ஆசிரியையான கதை

ஆசிரியை இல்லை, விடுதி இல்லை, ஆண்டுகள் இல்லை என்ற மூன்று குறைக்கும் ஒரே இடத்தில் விடை கண்டவர் சகோதரி சுப்புலட்சுமி (1886–1969). பதினொரு வயதில் கல்யாணமாகி, சில மாதங்களிலேயே கணவனை இழந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்காரவைக்க மறுத்தார், படிக்கவைத்தார். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரி அவர்.

1912இல் சில இளம் பிராமண விதவைகளைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார். பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் துணை நின்றார். அரசாங்க ஆதரவோடு விடுதி வளர்ந்து, கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அந்தக் கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். விதவைக்கு மறுமணம் என்று பேசியவர்கள் அன்று சிலர் இருந்தார்கள். சுப்புலட்சுமி வேறு வழி கண்டார். குடும்பம் பாரமாகக் கருதிய பெண்ணை மாகாணத்துக்குத் தேவையான ஆசிரியையாக மாற்றினார். விதவைக்குக் கல்யாணம் குறுக்கிடாது. விடுதி தங்குமிடம் தந்தது. பயிற்சி முடிந்து அவள் ஒரு பள்ளிக்குப் போனால் அங்கே பத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு சமூகக் கொடுமையின் உள்ளிருந்தே கல்விக்கு ஆள் எடுத்த செயல் அது.

விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே என்பது அதன் எல்லை. அவரே பின்னாளில் ஐஸ் ஹவுஸ் அருகே மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஆயினும் மற்றச் சாதி விதவைகளுக்கும் தலித் பெண்களுக்கும் அதே அளவு அரசாங்க அக்கறை அன்று கிட்டவில்லை.

உயர்கல்வியின் கதவும் இக்காலத்தில்தான் திறந்தது. 1914 ஜூலையில் 37 மாணவியருடன் தொடங்கிய மகளிர் கல்லூரி 1917இல் இராணி மேரி கல்லூரி ஆனது. டோரதி டி லா ஹே அதன் முதல் முதல்வர். 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரி வந்தது. விதவைகள் விடுதியிலிருந்து இராணி மேரி கல்லூரிக்கு நடந்தே போகலாம் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாயின.

தென்னார்க்காடு தந்தவை

சென்னையையும் திருநெல்வேலியையும் சொல்லும் நூல்கள் தென்னார்க்காட்டைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. ஆனால் இந்த ஜில்லாவுக்கென்று சொல்ல நான்கு வரலாறுகள் உண்டு.

முதலாவது திண்டிவனத்தில். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே மிஷன் மருத்துவராக இருந்தவர் ஜான் ஸ்கடர். அவர் மகள் ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூவர் வந்தனர்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு சாதி இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவரை அனுமதிக்க மூவரும் மறுத்தனர். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பிய ஐடா, வேலூரில் மருத்துவமனையை வளர்த்து, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்று உலகம் அறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. பெண்ணுக்குக் கல்வி இல்லாததால் பெண் உயிர் போகும் என்ற கணக்கைத் திண்டிவனத்து மூன்று வீடுகள் எழுதிக் காட்டின.

இரண்டாவது, திண்டிவனத்துக்கு அருகே இரட்டணையில் பிறந்த பண்டிதை அசலாம்பிகை அம்மையார் (1875–1955). இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். தமிழை முறையாகக் கற்றுப் புலமை பெற்று, மேடையேறிச் சொற்பொழிவாற்றினார். 'காந்தி புராணம்', 'திலகர் புராணம்' பாடினார். திரு.வி.க. அவரை இக்கால ஔவை என்று போற்றினார். ஆங்கிலப் பள்ளி போகாமலே ஒரு கிராமத்து விதவை தமிழ் மரபின் வழியே கல்வியின் உயரத்தை எட்ட முடிந்தது. ஆனால் அது ஒருவரின் தவம். ஊர் முழுவதற்குமான வழியாக அதை ஆக்க அன்று யாரும் முன்வரவில்லை.

மூன்றாவது பரங்கிப்பேட்டையில். டென்மார்க் மிஷன் தென்னார்க்காட்டிலும் திருக்கோவிலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலும் பள்ளி, மருத்துவப் பணிகள் செய்துவந்தது. அந்த மிஷனுக்காக வந்த ஆன் மேரி பீட்டர்சன், அந்நிய ஆட்சியோடு ஒட்டிய கல்வியில் மனம் ஒப்பாமல், மிஷனை விட்டு விலகினார். 1917இலேயே சபர்மதி ஆசிரமத்துக்குப் போய் காந்தியடிகளைக் கண்டிருந்தார். பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்கான தேசியப் பள்ளியாக 'சேவா மந்திர்' அமைந்தது. 1921 செப்டம்பர் 17 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகளே. தாய்மொழியும் கைத்தொழிலும் கல்வியின் நடுவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் டென்மார்க்கின் நாட்டுப்புறக் கல்வி மரபும் காந்தியமும் அங்கே கைகோத்தன.

நான்காவது கடலூர் அஞ்சலை அம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர். ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கி, ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய 1927 போராட்டத்தில் சிறுமியான மகளோடு சிறை சென்றார். 1937இல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். ஐந்து ஆண்டுப் பள்ளிப்படிப்பு கிடைத்த ஒரு பெண் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

எதற்காகக் கல்வி?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்கள் பெரும்பாலும் சொன்னது, கற்ற பெண் நல்ல மனைவியாவாள், நல்ல தாயாவாள் என்பது. எதிர்ப்பாளரை இணங்கவைக்க அந்த வாதம் உதவியது. ஆனால் அதுவே பாடத்திட்டத்தையும் சுருக்கியது. தையல், சமையல், பாட்டு போதும், கணக்கும் அறிவியலும் எதற்கு என்ற கேள்வி நெடுநாள் நீடித்தது.

அந்த வட்டத்தை உடைத்தவர்களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னால் நிற்கிறார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகித் துணைத்தலைவருமானார். கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் அங்கம் வகித்தார். பெண்பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்கப் போராடியபோது, அந்த வாழ்விலிருந்து தப்பி வந்த சிறுமியரைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. அவர்களுக்காக 1930இல் ஔவை இல்லத்தைத் தம் வீட்டிலேயே தொடங்கினார். சட்டம் மட்டும் போதாது, தங்க இடமும் படிக்க வழியும் வேண்டும் என்பதை அவர் செயலால் சொன்னார். மன்றோ காலத்தில் எழுத்தறிந்திருந்த அதே குலத்துப் பிள்ளைகளுக்கு, நூறு ஆண்டுக்குப் பின் மதிப்போடு கற்கும் பள்ளி கிடைத்தது.

கேள்வியை அடியோடு மாற்றியது சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் எந்தத் தொழிலும் செய்யும் உரிமையும் கேட்டது. பள்ளி ஆசிரியப் பணியில் பெண்களே மிகுதியாக வர ஏற்பாடு வேண்டும் என்றும் தீர்மானித்தது. பெரியாருக்குக் கல்வி என்பது பெண் தன் காலில் நிற்கும் வழி. யாருக்கும் நல்ல மனைவியாவதற்கு அவள் படிக்க வேண்டியதில்லை என்று அவர் துணிந்து பேசினார். வேதநாயகம் பிள்ளையின் வாதம் பள்ளிக்கதவைத் திறக்கப் பயன்பட்டது. பெரியாரின் வாதம் உள்ளே போனவள் பாதியில் திரும்பாதிருக்க வேண்டியதாயிற்று. இரண்டும் அதனதன் காலத்தில் தேவைப்பட்டன.

மலைக்கு வராத கல்வி

கல்வராயன் மலையின் நிலை வேறு. மலையாளி பழங்குடியினர் வாழும் அந்த மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அரசாங்கம் அதை முழுதாக ஏற்றது 1976இல், நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. மாகாணத் தலைநகரில் பெண்கள் பட்டம் வாங்கியபோது, மலைமேல் ஆண்பிள்ளைக்கும் பள்ளி எட்டவில்லை.

மலையடிவாரத்துப் புன்செய்க் கிராமங்களிலும், மணலூர்பேட்டை போன்ற ஆற்றங்கரை ஊர்களிலும் நிலை சற்றே மேல், அவ்வளவுதான். பயிற்சி பெற்ற ஆசிரியைகள் சென்னையிலும் ஜில்லா நகரங்களிலும் நின்றுவிட்டார்கள். தனியாக ஒரு பெண் சிற்றூரில் வீடெடுத்துத் தங்குவதை ஊர் ஏற்கவில்லை. காட்டு வேலைக்கும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பெண்பிள்ளை தேவைப்பட்டாள். 1951இல் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. காலனியாட்சி விட்டுச்சென்ற கணக்கு அது.

முடிவாக

2011இல் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 விழுக்காட்டைத் தாண்டியது. விடுதலைக்குப் பின் அரசு செய்தவற்றில் பலித்தவை எவை என்று பார்த்தால், பழைய மூன்று தேவைகளே அவற்றில் திரும்பி வருகின்றன. கிராமம்தோறும் ஆசிரியை வந்தார். மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் சமவெளியில் மாணவியர் விடுதிகளும் வந்தன. கல்யாணத்தைத் தள்ளிப்போட வைக்கும் நோக்கில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் உதவித்திட்டம் வந்தது. அதுவே 2022இல், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. பொட்டுக்கட்டுக்கு எதிராகப் போராடிய ஒரு பெண்ணின் பெயரால் உழவர் வீட்டு மகள் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறாள் என்பது நெஞ்சை நிறைக்கும் செய்தி.

பணி முடியவில்லை. பத்தாம் வகுப்போடு நிற்கும் பெண், பதினெட்டுக்கு முன் நடக்கும் கல்யாணம், மலைக்கிராமத்திலிருந்து பள்ளிக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குத் தெரியாத சங்கதிகள் அல்ல. சீர்திருத்தக்காரர்களின் படத்துக்கு மாலை போடுவதோடு நம் கடன் தீராது. சுப்புலட்சுமியும் முத்துலட்சுமியும் தம் வீட்டுக் கதவைத் திறந்து பிள்ளைகளைத் தங்கவைத்தார்கள். ஆகவே ஒவ்வோர் ஊரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை: நம் பள்ளியில் போதிய ஆசிரியைகள் இருக்கிறார்களா? தூரத்துப் பிள்ளைக்குப் பாதுகாப்பான விடுதி இருக்கிறதா? படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும் வீட்டுக்குப் போய் எடுத்துச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் ஊரில் அந்தச் சீர்திருத்தம் நிறைவேறியிருக்கும். மற்ற ஊர்களில் அதை நடத்தி முடிக்கும் பொறுப்பு இப்போது நம்முடையது.